சொல்ல முடியாத அனுபவமாம்!

(வாசகசாலைக் கூட்டமொன்றில் பேசியது)



இன்றைக்கு நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்டிருக்கும் விஷயம், வார்த்தையால் சொல்ல முடியாத அனுபவங்கள் என்பது. சொல்ல முடியாததைப் பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொன்னால் எப்படி என்று முன்வரிசையில் சில தோழர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டிய விஷயந்தான். ஆனால் இதற்குள் சிரிக்கக்கூடாத சங்கதியும் ஒன்று இருக்கிறது. அதற்குப் பின்னால் வருவோம்.

நாம் ஊர் ஊராய்ப் போய் வாதாடுகிறபோது ஆஸ்திகத் தோழர்கள் முதலில் சாஸ்திரத்தைக் காட்டுவார்கள். அதற்குச் சமாதானம் சொன்னால் பெரியோர் வாக்கைக் காட்டுவார்கள். அதற்கும் சமாதானம் சொன்னால், சூரியனும் சந்திரனும் இவ்வளவு ஒழுங்காக நடக்கின்றனவே, நடத்துகிறவன் ஒருவன் வேண்டாமா என்பார்கள். அதுவும் நிற்காமல் போனால் கடைசியாக ஒரு அறைக்குள் புகுந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார்கள். அந்த அறைக்குப் பெயர்தான் அனுபவம். "அது அனுபவித்தவனுக்குத்தான் தெரியும், வார்த்தைக்கு அடங்காது, உனக்கு அந்தப் பாக்கியம் இல்லை" என்பதோடு விவகாரம் முடிந்துவிடும்.

கண்டவர்கள் சொல்லுவதில்லையாம், சொல்லுகிறவர்கள் கண்டவர்கள் இல்லையாம். இந்தப் பேச்சை நம் நாட்டில் கேளாதவர் இருக்க முடியாது. இதிலுள்ள சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். இதன்படி, விளக்குகிறவன் பொய்யனாகிறான். கேள்வி கேட்கிறவன் அதிகப்பிரசங்கியாகிறான். வாய்மூடி உட்கார்ந்திருப்பவன் ஒருவனே ஞானியாகிறான். சரி, அவராவது சும்மா இருக்கிறாரா என்று பார்த்தால், அவர் மூடிய ஒரு வாய்க்குப் பதிலாகச் சிஷ்யர்கள் பத்து வாய்களைத் திறந்துகொண்டிருக்கிறார்கள். சொல்ல முடியாததைப் பற்றி அச்சாகியிருக்கும் புஸ்தகங்களை அடுக்கினால் இந்த வாசகசாலையின் பீரோக்கள் போதமாட்டா. தாராளமாய்ச் சொல்லக்கூடிய விஷயமாகிய அரிசி விலையைப் பற்றி எழுதப்பட்டவை ஒரு தட்டுக்கூட நிரம்பமாட்டா.

நிற்க. நாம் முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறோம். மனிதனுடைய அனுபவம் முழுவதும் சொல்லில் அடங்கிவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. பிறவியிலேயே வாசனை தெரியாத ஒருவனுக்குக் காப்பிக்கொட்டை வறுபடும் வாசனையை எவ்வளவு பெரிய வித்துவான் வந்தாலும் சொல்லி உணர்த்திவிட முடியாது. பிரசவ வேதனையைப் பற்றி ஆண்கள் ஆயிரம் வைத்திய நூல் எழுதலாம். பெற்றவளுக்குத்தான் அது தெரியும். பல்வலி வந்தவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறபோது, பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பவனுக்கு அந்த வலியில் கடுகளவாவது ஏறுகிறதா? ஏறுவதில்லை. இதனால் நமக்குத் தெரிவது என்ன? சொல்லில் அடங்காமை என்பது கடவுளுக்கு மட்டும் பட்டா எழுதிக் கொடுத்த பெருமை அன்று. பல்வலிக்கும் காப்பிக்கும் கருவாட்டுக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் கருவாட்டுக்கு யாரும் மடம் கட்டவில்லை.

அன்றியும், வார்த்தையின் வேலை என்ன என்பதிலேயே இவர்கள் குழப்பம் செய்கிறார்கள். ஒருவன் மண்டையில் இருக்கும் அனுபவத்தை அப்படியே எடுத்து மற்றவன் மண்டையில் போடுவது வார்த்தையின் வேலை அன்று. அயலூருக்கு வழி சொல்லுகிறவன் அந்த ஊரைத் தூக்கிக்கொண்டு வந்து நம் கையில் கொடுப்பதில்லை. புளியமரத்தண்டை திரும்பு, ஒரு பாலம் வரும், பாலத்தைத் தாண்டினால் ஊர் என்கிறான். நாம் நடந்துபோய்ப் பார்க்கிறோம். பாலம் இருந்தால் அவன் சொன்னது சரி. பாலம் இல்லையானால் அவன் தெரியாமல் சொன்னான், அல்லது ஏமாற்றினான். வார்த்தைக்கு இவ்வளவுதான் வேலை. இந்த வேலையைக்கூடச் செய்யவிடாமல் தடுப்பதற்காகத்தான் சொல்ல முடியாது, சொல்ல முடியாது என்று சத்தம் போடுகிறார்கள்.

இவர்களுக்குப் பிடித்தமான உபமானம் ஒன்று உண்டு. சர்க்கரையின் இனிப்பை வார்த்தையால் சொல்ல முடியுமா? தின்று பார்த்தவனுக்குத்தானே தெரியும்? அதுபோலத்தான் பேரானந்தமும் என்பார்கள். இந்த உபமானத்தை நாம் சந்தோஷத்தோடு எடுத்துக்கொள்கிறோம். ஏனென்றால் சர்க்கரையை எவனும் கடையில் வாங்கலாம். நாஸ்திகன் நாக்கில் போட்டாலும் இனிக்கும், நாமம் போட்டவன் நாக்கில் போட்டாலும் இனிக்கும். நம்பிக்கை வைத்தால்தான் இனிக்கும் என்று எந்த மளிகைக் கடைக்காரரும் சொல்லுவதில்லை. சொல்லிக் காணிக்கை வாங்குவதும் இல்லை.

ஆனால் இதைவிட முக்கியமான சங்கதி வேறு இருக்கிறது. 1879-ஆம் வருஷத்தில், அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையின் ரசாயனச் சாலையில் பால்பெர்க் என்ற ஒருவர் வேலை செய்துவந்தார். நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் சரக்குகளைக் கொண்டு சோதனை. ஒரு நாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது தம்முடைய கையில் ஏதோ இனிப்பதைக் கண்டார். சோதனைச் சாலையில் கையில் ஒட்டிக்கொண்டு வந்த பொருள் அது. அதுதான் சாக்கரின். சர்க்கரையைப்போல் சில நூறு மடங்கு இனிப்பு. ஆனால் அதில் சர்க்கரை ஒரு மணிகூடக் கிடையாது. இப்போது, ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் இனிப்பை அனுபவிக்கிறான். "நான் சர்க்கரையைக் கண்டேன், சத்தியம், அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்" என்கிறான். அவன் பொய் சொல்லுகிறானா? இல்லை. இனித்தது மெய். சர்க்கரை என்றது தப்பு. அனுபவம் ஒரு விஷயம்; அந்த அனுபவம் எதனால் உண்டாயிற்று என்பது வேறொரு விஷயம். முதலாவதற்கு அவனே சாட்சி. இரண்டாவதற்கு அவன் சாட்சி போதாது. டப்பாவைத் திறந்து பார்க்க வேண்டும். தோழர்களே! இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிட்டதில்தான் உலகத்தின் மடங்கள் அத்தனையும் நிற்கின்றன.

டப்பாவைத் திறந்து பார்த்தவர்கள் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. அந்தக் கதையைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்லுகிறோம்.

1799-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில், வாயுக்களை மூச்சில் இழுத்து வியாதி தீருமா என்று பார்ப்பதற்காக ஒரு வைத்திய நிலையம் இருந்தது. அதில் ஹம்ப்ரி டேவி என்ற இருபது வயது வாலிபர் வேலை பார்த்தார். நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற வாயுவைப் பட்டுப்பையில் அடைத்து வாயில் வைத்துத் தாமே இழுத்துப் பார்த்தார். சிரிப்பு வாயு என்று பின்னால் பேர் பெற்றது இதுதான். இழுத்ததும் உடம்பெல்லாம் புல்லரிப்பு, காதில் எல்லாச் சத்தமும் பெரிதாகக் கேட்டல், காரணமில்லாத ஆனந்தம். ஒரு தடவை மிகுதியாக இழுத்துவிட்டு எழுந்தவர், எண்ணங்களைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லை என்ற பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பக்கத்தில் இருந்த வைத்தியரிடம் ஆவேசத்தோடு சொன்னார். நம் நாட்டில் இதையே ஒருவர் மலைக்குகையில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் இந்நேரம் அவருக்குத் தேர்த்திருவிழா நடக்கும். டேவி என்ன செய்தார்? எத்தனை அளவு வாயு, எவ்வளவு நேரம், நாடி எப்படி அடித்தது என்று எழுதி வைத்தார். சிநேகிதர்களையும் இழுக்கச் சொல்லி அவரவர் கண்டதை எழுதி வாங்கினார். கோலரிட்ஜ், சௌதே என்ற கவிகளும் அவர்களில் உண்டு. எல்லாவற்றையும் 1800-இல் புஸ்தகமாகப் போட்டார். அவர்களில் ஒருவர், இந்த உணர்ச்சிக்கு நம்மிடம் சொல் இல்லை, ஆகையால் புதுச் சொல் உண்டாக்க வேண்டும், அல்லது பழைய சொல்லுக்குப் புதுப் பொருள் கொடுக்க வேண்டும் என்று எழுதினார். எவ்வளவு யோக்கியமான பேச்சு! சொல் இல்லை, ஆகையால் வாயை மூடு என்று சொல்லவில்லை. சொல் இல்லை, ஆகையால் சொல்லைச் செய் என்றார்.

அதே புஸ்தகத்தில் டேவி இன்னொன்றும் குறித்தார். இந்த வாயு வலியைப் போக்குகிறது. ரண சிகிச்சையின்போது இது உதவலாம் என்று எழுதினார். அதை யாரும் கவனிக்கவில்லை. ஆனந்தத்தையே பிடித்துக்கொண்டார்கள். சந்தைகளிலும் மேடைகளிலும் டிக்கட் போட்டு வாயுவை இழுத்துச் சிரித்தார்கள். 1844-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் அமெரிக்காவில் ஹார்ட்போர்டு என்ற ஊரில் இப்படி ஒரு காட்சியில், வாயு இழுத்த ஒருவன் காலில் அடிபட்டும் தெரியாமல் இருந்ததை ஹோரேஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர் பார்த்தார். மறுநாளே அந்த வாயுவை இழுத்துக்கொண்டு தம்முடைய பல்லைப் பிடுங்கச் செய்தார். டேவி எழுதியதற்கும் இதற்கும் நடுவே 44 வருஷம். அந்த 44 வருஷத்தில் எத்தனை பேரைப் பலகையில் கட்டிப்போட்டு, கதறக் கதறக் கையையும் காலையும் அறுத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இதே வாயுவை வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவாசிரியரும் இழுத்துப் பார்த்து 1882-இல் எழுதினார். இழுத்தபோது, பிரபஞ்சத்தின் ரகசியம் முழுவதும் பட்டப்பகல்போல் விளங்கியதாம். அந்த மயக்கத்திலேயே தாள் தாளாக எழுதினாராம். தெளிந்தபின் படித்துப் பார்த்தால் அர்த்தமில்லாத உளறலாக இருந்ததாம். இதை அவரே ஒளிக்காமல் சொல்லுகிறார். ஜேம்ஸ் நம்மவர் அல்ல. மதத்தினிடம் அனுதாபம் உள்ளவர். 1902-இல் வெளிவந்த அவருடைய மத அனுபவங்களைப் பற்றிய பிரசித்தமான புஸ்தகத்தில், இப்படிப்பட்ட அனுபவத்துக்கு லட்சணங்கள் வகுக்கிறார். ஒன்று, அதைச் சொல்ல முடியாது என்பது. மற்றொன்று, அதனால் ஏதோ பெரிய உண்மையை அறிந்துகொண்டோம் என்று தோன்றுவது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்ன அறிந்தாய் என்றால் சொல்ல முடியாது. சொல்ல முடியாவிட்டால் அறிந்தது எப்படித் தெரியும் என்றால், தெரிகிறது! ஆனால் ஜேம்ஸ் நாணயமாக ஒரு வார்த்தை சேர்த்தார். அனுபவித்தவருக்கு அது எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அனுபவிக்காத மற்றவர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற கடமை இல்லை என்றார். மதத்துக்குச் சாதகமானவரே ஒப்புக்கொண்ட பிறகு, நமக்கு மட்டும் ஏன் நரகம் என்று தெரியவில்லை.

பின்னும் ஒன்று. 1962-ஆம் வருஷம் ஏசு சிலுவையில் அறையுண்டதைக் கொண்டாடும் வெள்ளிக்கிழமையன்று, பாஸ்டன் நகரத்தில் ஒரு சர்வகலாசாலைத் தேவாலயத்தின் கீழறையில் பாதிரிமார் படிப்புப் படிக்கும் 20 மாணாக்கர்களை உட்காரவைத்து பான்கி என்ற வைத்தியர் ஒரு சோதனை நடத்தினார். 10 பேருக்கு ஒருவகைக் காளானில் இருக்கும் சைலோசைபின் என்ற சரக்கு. மற்றப் 10 பேருக்கு உடம்பைச் சூடாக்கும் ஒரு வைட்டமின். யாருக்கு எது என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. பிரசங்கம் எல்லாருக்கும் ஒன்றேதான். காளான் சரக்குச் சாப்பிட்டவர்களில் பெரும்பாலோருக்குப் பேரானந்த அனுபவம் கிட்டியது. மற்றவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. அனுபவத்தை அளப்பதற்குப் பான்கி கேள்வித்தாள் ஒன்று வைத்திருந்தார். அதில் ஒன்பது லட்சணங்கள். அவற்றுள் ஒன்று சொல்ல முடியாமை. அதையும் அவர் எச்சரிக்கையாக "சொல்ல முடியாமை எனப்படுவது" என்றுதான் எழுதினார். சொல்ல முடியாததற்கு மார்க்குப் போட்டுக் கூட்டிப் பார்த்துவிட்டார்கள் பார்த்தீர்களா! பான்கியின் மேலும் குற்றம் உண்டு. ஒரு மாணாக்கருக்கு மிரட்சி உண்டாகி, அடக்குவதற்கு மருந்து ஊசி போட நேர்ந்ததை அவர் தம்முடைய கட்டுரையில் எழுதாமல் விட்டார். அது பிற்பாடு 1991-இல் வெளிவந்தது. விஞ்ஞானி மறைத்தாலும் மறைப்பு மறைப்புத்தான். 2006-இல் சாக்கரின் பிறந்த அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் 36 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர், தம்முடைய வாழ்நாளில் மிகமிக முக்கியமான ஐந்து அனுபவங்களில் ஒன்றாக அதைச் சொன்னார்கள். இதைக் கேட்டுவிட்டு யாரும் தோப்புக்குள் காளான் பொறுக்கப் போகவேண்டாம். விஷக்காளான் ஆஸ்திகன் நாஸ்திகன் பார்ப்பதில்லை. நாம் சொல்லுவது இவ்வளவுதான்: அவர்கள் அனுபவித்தது மெய், சிலருக்கு அதனால் நன்மைகூட உண்டாகியிருக்கலாம், ஆனால் டப்பாவில் இருந்தது காளான் சரக்கு.

இனி, ஆரம்பத்தில் சொன்ன சிரிக்கக்கூடாத சங்கதிக்கு வருவோம்.

சொல்ல முடியாது என்ற ஒரே வார்த்தைக்குள் மூன்று சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. சொல்லச் சொல் இல்லை என்பது ஒன்று. சொன்னால் கேட்பார் இல்லை என்பது ஒன்று. சொன்னால் தப்ப முடியாது என்பது ஒன்று. சாமியாருடைய சொல்ல முடியாமைக்குப் பூமாலையும் வெள்ளித்தட்டும் வருகின்றன. மற்ற இரண்டு வகையிலும் வாயடைத்துக் கிடக்கிறவர்களை யார் பார்த்தார்கள்?

முதலாவதை எடுத்துக்கொள்வோம். சொல் இல்லாமை என்பது விதி அன்று. தேவைப்பட்ட இடத்தில் மக்கள் சொல்லைச் செய்துகொள்கிறார்கள். நம் தாய்மார்கள் வைத்தியரிடம் போய், வெறும் வலி என்றா சொல்லுகிறார்கள்? தலை விண்விண்ணென்று தெறிக்கிறது, காதுக்குள் குடைகிறது, வயிற்றைப் பிசைகிறது, மூட்டில் உளைச்சல், விலாவில் சுருக்சுருக்கென்று குத்துகிறது, நீர் போனால் கடுக்கிறது, கால் மரத்துப்போகிறது. பள்ளிக்கூடம் பார்க்காத கிழவி சொல்லுகிற இந்தச் சொற்களைக் கொண்டு, கைராசியுள்ள வைத்தியர் எந்த இடத்தில் என்ன கோளாறு என்று பாதி கண்டுபிடித்துவிடுகிறார். மெல்ஸாக் என்ற கனடா தேசத்து மனோதத்துவ நிபுணர் இந்த வழியையே பிடித்தார். நோயாளிகள் வலிக்குச் சொல்லும் சொற்களைச் சேர்த்து, 78 சொற்களை 20 வகுப்பாகப் பிரித்து 1975-இல் ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார். மாண்ட்ரீல் நகரத்து மக்கில் சர்வகலாசாலையின் பேரால் அது உலகம் எங்கும் ஆஸ்பத்திரிகளில் வழங்குகிறது. பிறர் வலியை நாம் உணர முடியாது என்று கைகட்டி உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்குமா?

வாசனையைச் சொல்லவே முடியாது என்று மேல்நாட்டுப் பண்டிதர்கள் வெகுகாலம் எழுதிவந்தார்கள். மலாய் நாட்டுக்கும் சயாமுக்கும் நடுவிலுள்ள காட்டில் ஜஹாய் என்ற ஜனங்கள் வேட்டையாடி வாழ்கிறார்கள். அவர்களுக்கு வாசனைக்கென்றே ஏறக்குறைய ஒரு டஜன் சொற்கள் உண்டு. பெட்ரோல், புகை, வௌவால் எச்சம் இவற்றில் பொதுவாக இருக்கும் நெடிக்கு ஒரே சொல். ஒரே வாசனைப் பொருள்களை இங்கிலீஷ் பேசுகிறவர்களிடமும் இவர்களிடமும் முகரக் கொடுத்துப் பார்த்ததில், இங்கிலீஷ்காரர்கள் பட்டைவாசனைக்கே பேர் சொல்லத் தெரியாமல் சுற்றி வளைத்தார்கள். ஜஹாய் மக்கள் நிறத்துக்குப் பேர் சொல்லுவதுபோல் சட்டென்று சொன்னார்கள். மஜித், பூரன்ஹுல்ட் என்ற இருவர் 2014-இல் இதை வெளியிட்டார்கள். நம்மவர்களும் இளைத்தவர்கள் அல்லர். கவுச்சி, முடை, மக்கல், கமறல், ஊசல், தீய்ந்த வாடை என்று நம் சமையற்கட்டிலும் மீன் சந்தையிலும் வழங்குகிற சொற்களை எந்த மகான் கற்றுக்கொடுத்தார்?

இரண்டாவதும் மூன்றாவதுந்தான் கொடுமை. வேலைக்குப் போன இடத்தில் ஒரு பெண்ணை மேஸ்திரியோ முதலாளியோ கங்காணியோ தொட்டுத் தொட்டுப் பேசுகிறான். சிரிக்காவிட்டால் கூலியைப் பிடிக்கிறான். ஒதுங்கினால் வேலையை விட்டு நீக்குகிறான். வீட்டுக்கு வந்து அவள் என்னவென்று சொல்லுவாள்? நம் ஊர்களில் பெண்கள் தங்களுக்குள் காதோடு காதாகச் சொல்லிக்கொள்ளும் வார்த்தை ஒன்று உண்டு: "அவர் ஒரு மாதிரி." அவ்வளவுதான். ஒரு மாதிரி என்றால் என்ன மாதிரி? அதற்கு மேல் சொல் கிடையாது. சொன்னால், நீ ஏன் அங்கே போனாய் என்று அவள்மேலேயே பழி திரும்பும். அமெரிக்காவிலும் இதே கதைதான். இதாகா என்ற ஊரில் சர்வகலாசாலை ஒன்றில் குமாஸ்தா வேலை பார்த்த ஒரு பெண், மேலதிகாரியின் தொல்லை தாங்காமல் வேலையை விட்டார். வேலையில்லாதாருக்கான உதவித் தொகை கேட்டார். ஏன் விட்டாய் என்ற கேள்விக்கு எழுதச் சொல் இல்லை, சொந்தக் காரணம் என்று எழுதவேண்டியதாயிற்று, தொகை மறுக்கப்பட்டது. பிறகு அவரும் வேறு சில பெண்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். பேசிப் பார்த்தால், அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் அப்படி ஒன்று நேர்ந்திருந்தது! ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும் நேர்ந்த, வெளியில் சொல்ல முடியாத அவமானம் என்று நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்தாள். இதற்கு என்ன பேர் வைப்பது என்று நாலைந்து பேரைச் சொல்லிப் பார்த்துக் கடைசியில் ஒரு பேர் வைத்தார்கள். அதைத்தான் தமிழில் பாலியல் துன்புறுத்தல் என்கிறோம். அது 1975-ஆம் வருஷம். பேர் வைத்தபின் அது சொந்தக் காரணமாக இல்லை, குற்றமாயிற்று.

இந்தியாவில், ராஜஸ்தானத்தில் குழந்தை மணத்தைத் தடுக்கப் பாடுபட்ட கிராம ஊழியரான ஒரு பெண்ணுக்கு 1992-இல் நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, பெண்கள் சங்கங்கள் வழக்காடி 1997-இல் சுப்ரீம் கோர்ட்டு விதிகள் வகுத்தது. 2013-இல் சட்டம் வந்தது. சட்டம் வந்ததனால் எல்லாம் தீர்ந்துவிட்டதென்று நாம் சொல்லவில்லை. ஆனால் மனுவில் எழுத ஒரு வார்த்தை கிடைத்தது. அந்த வார்த்தையை எந்தக் குகையிலும் எந்தக் குருவும் உபதேசிக்கவில்லை. கூலிக்கு உழைக்கிற பெண்கள் உட்கார்ந்து பேசிச் செய்தார்கள்.

நம் ஊர் டீக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சாதிக்காரனுக்குக் கண்ணாடிக் கிளாசு, மற்றொருவனுக்குச் சிரட்டையோ தனிக் குவளையோ, குடித்தபின் அவனே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். அப்படிக் குடித்தவனுக்கு அந்த டீ தொண்டையில் இறங்கினபோது இருந்ததே, அதுவுந்தான் சொல்லில் அடங்காத அனுபவம். அதற்கு யார் வியாக்கியானம் எழுதினார்கள்? அது வழக்கம் என்றார்கள். இரட்டைக் குவளை என்று அதற்கு ஒரு பேர் வந்தபிறகுதான், எந்தக் கடையில் இரட்டைக் குவளை என்று எண்ணிக் கணக்கெடுக்கவும், புகார் கொடுக்கவும், மறியல் செய்யவும் வழி பிறந்தது.

இதோ தலைவர் அவர்கள் இரண்டு சீட்டுகள் கொடுக்கிறார்கள். முதல் சீட்டில், "தாய் செத்த துக்கத்தை உங்களால் வார்த்தையால் சொல்லிவிட முடியுமா?" என்று ஒரு தோழர் கேட்கிறார். முடியாது, தோழரே. யாராலும் முழுவதும் முடியாது. ஆனால் நம் பெண்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். சாவு வீட்டில் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறார்கள். செத்தவள் கறந்த மாடு, சுமந்த குடம், கட்டின சேலை, பட்ட கடன், அண்ணன் கொடுக்காமல் விட்ட சீர் எல்லாம் அதில் வந்துவிடும். உயிரோடு இருக்கையில் மாமியாரைப் பற்றிச் சொல்ல முடியாமல் இருந்ததும் அதில் வந்துவிடும். ஒருத்தி நிறுத்தினால் மற்றொருத்தி எடுத்துக்கொடுக்கிறாள். துக்கத்துக்குச் சொல் போதாது என்று அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் விடிய விடியச் சொல்லுகிறார்கள். அழுதேன், ஆகையால் நான் சொல்லுகிற சாமியை நீ கும்பிடு என்று எந்தக் கிழவியும் ஒப்பாரி முடிந்ததும் தட்டை நீட்டுவதில்லை.

இரண்டாவது சீட்டு எழுதியவர் பேர் போடவில்லை. தமக்கு ஒரு இரவில் அப்படிப்பட்ட அனுபவம் ஏற்பட்டதென்றும், அதை நாம் பொய் என்கிறோமா என்றும் கேட்கிறார். பொய் என்று சொல்லவில்லை, ஐயா. நீங்கள் கண்டதைக் கண்டீர்கள். அது எந்த மாதம், எந்த இடம், அதற்கு முன் எத்தனை வேளை பட்டினி, எத்தனை இரவு தூக்கமில்லை, காய்ச்சல் உண்டா, பக்கத்தில் யார் இருந்தார்கள், முதலில் வந்தது வெளிச்சமா சத்தமா, எவ்வளவு நேரம் இருந்தது, எப்படிக் கலைந்தது என்பதையெல்லாம் நினைவு உள்ளவரையில் எழுதுங்கள். சரியான சொல் கிடைக்காத இடத்தில் பக்கத்துச் சொல்லைப் போட்டு, இது பொருந்தவில்லை என்றும் எழுதுங்கள். அதற்கு என்ன பேர் வைப்பது என்பதைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவர் எழுதிவந்ததைப் படிப்பதற்கு முதல் கால் மணி நேரத்தை ஒதுக்கி வைக்கும்படியும், பேர் போட வேண்டுமென்று அவரைக் கட்டாயப்படுத்த வேண்டாமென்றும் தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.